கடாவுக்குக் கிடைத்த பிறப்புச் சான்று

ஆறுமுகத்தின் வீட்டு வேலிச் செடியை அரசாங்கம் எடுத்துக்கொண்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அன்று மத்தியானமே முனியாண்டிக்கு வயிற்றெரிச்சல் தொடங்கிவிட்டது. தோட்டத்து டிரஸ்ஸர் இரண்டு வேளை வெள்ளை மருந்து கொடுத்துப் பார்த்தார். அது மருந்துக்குக் கேட்கிற வயிற்றெரிச்சல் இல்லை.

இருவரும் சகலைகள். அக்கா மயிலம்மாளை முனியாண்டி கட்டியிருந்தான், தங்கை வள்ளிநாயகியை ஆறுமுகம். பகா டவுனுக்குப் போகும் ரோட்டோரம் இருந்த பெல்மோர் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசை வீடுகளில், எட்டாம் நம்பர் வீடு முனியாண்டிக்கு, ஒன்பதாம் நம்பர் ஆறுமுகத்துக்கு. நடுவில் ஒரு பலகைச் சுவர். இந்தப் பக்கம் கருவாடு பொரித்தால் அந்தப் பக்கம் கூட ஒரு கவளம் சோறு இறங்கும். இருவரும் ரப்பர் பட்டையைச் சீவிப் பால்மரம் வெட்டுகிறவர்கள். பத்து வருஷமாக எல்லாவற்றிலும் முனியாண்டிதான் ஒரு படி மேலே இருந்தான். முதலில் சைக்கிள் வாங்கியவன் அவன். மாரியம்மன் கோயிலில் காவடி தூக்கியவனும் அவன். ஆறுமுகம் எதற்கும் போட்டிக்கு வருகிறவன் அல்ல. அதுதான் முனியாண்டிக்குப் பெரிய குறை. தோற்கிறவனுக்குத் தோற்றது தெரிய வேண்டாமா?

அது 1958. மலாய் நாடு சுதந்திரம் வாங்கி ஒரு வருஷம் ஆகப் போகிறது. காட்டுக்குள் துப்பாக்கியோடு இன்னும் கம்யூனிஸ்ட் ஆட்கள் இருந்ததால் அவசரகாலமும் இருந்தது. லயத்தைச் சுற்றி முள்வேலி, கேட்டில் சோதனை, பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. வேலைக்காட்டுக்குச் சோறு கட்டிக்கொண்டு போகக் கூடாது, காட்டுக்காரர்களுக்குப் போய்விடும். பசியைக் கட்டிக்கொண்டு போகத் தடையில்லை.

இப்படியிருக்கும்போதுதான் தோட்ட ஆபீஸின் தலைமை எழுத்தரான பெரிய கிராணி கணேசமூர்த்தி, காலைப் பெரட்டில் ஆள் எண்ணி முடித்ததும் ஒரு கடிதத்தைப் படித்தார். புது நாட்டுக்குக் கொடி இருக்கிறது. இரண்டு புலி போட்ட முத்திரை இருக்கிறது. பூ மட்டும் இன்னும் முடிவாகவில்லை. முடிவாகும்வரை குடிமக்கள் சும்மா இருக்கக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு தோட்டமும் தனக்கென ஒரு மலரையும் ஒரு விலங்கையும் பொருளோடு தேர்ந்தெடுக்க வேண்டும். இதை நடத்தி வைக்கச் சிரம்பானில் 'சின்ன விளக்கக் கிளை' என்று ஒன்று திறந்திருக்கிறார்கள். அதன் அதிகாரி வருகிறார்.

"சின்ன அதிகாரி வர்றாராம் லா" என்று வேலை வாங்கும் மண்டோர் லயம் லயமாகச் சொல்லிக்கொண்டு போனார். சின்ன அதிகாரிதானே என்று யாரும் குளிக்கக்கூட இல்லை.

வந்தவர் பெயர் விசுவநாதன். சிரம்பான் பக்கத்து ரஹாங்கில் பிறந்து வளர்ந்தவர். வேர்க்கிற வெயிலில் கழுத்துப்பட்டை கட்டியிருந்தார். காரிலிருந்து இறங்கியதும் முதல் வேலையாகத் திருத்தினார்.

"நான் சின்ன அதிகாரி அல்ல. சின்னங்களுக்கான அதிகாரி. என் கிளையில் எனக்கு மேலே யாரும் இல்லை."

கீழேயும் யாரும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அவர் கையில் பச்சை அட்டை போட்ட தடித்த புத்தகம் ஒன்று இருந்தது. நிறங்களுக்கு, பூக்களுக்கு, கொம்புக்கு, வாலுக்கு எல்லாம் அதில் பொருள் எழுதியிருந்தது. "பொருள் இல்லாத பொருள் எதுவும் அரசாங்கத்துக்கு வேண்டாம்" என்றார். தோட்டத்துத் துரை தலையாட்டினார். துரை வெள்ளைக்காரர். சுதந்திரத்துக்குப் பிறகு தலையாட்டப் பழகியிருந்தார். பின்னால் பெரிய கிராணி, அவருக்குப் பின்னால் போலீஸ் சார்ஜன் என்று ஊர்வலம் லயத்துக்குள் வந்தது.

முனியாண்டி தயாராக இருந்தான். அவன் வாசலில் மண்ணெண்ணெய் டின்களில் நான்கு மல்லிகைச் செடிகள். அரிசி களைந்த தண்ணீர் ஊற்றி வளர்த்தவை. தோட்டத்தில் கல்யாணம் என்றால் அவன் வீட்டு மல்லிகைதான்.

"இதன் பொருள் என்ன?" என்றார் அதிகாரி.

"வாசமா இருக்கும்ங்க. ராத்திரியானா மூணு லயத்துக்கு அடிக்கும்."

"வாசனையை முத்திரையில் வரைய முடியாது. மேலும் இது வெள்ளை. இந்தக் காலத்தில் வெள்ளை காட்டுகிறவன் யார்? சரணடைகிறவன்." அதிகாரி பக்கத்தைப் புரட்டினார். "அதோடு, ராத்திரியில் மூன்று லயத்துக்குப் போகிறது என்கிறாய். ஊரடங்கு நேரத்திலா?"

சார்ஜன் மல்லிகையை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஊர்வலம் ஒன்பதாம் நம்பருக்கு நகர்ந்தது. ஆறுமுகத்துக்குப் பூ வளர்க்கத் தெரியாது. கோழி வராமல் இருக்க எப்போதோ ஒடித்து நட்ட செம்பருத்திக் குச்சிகள் இடுப்பளவு வேலியாகி நின்றன. வேலியின் மேல் பிள்ளைத் துணி காய்ந்துகொண்டிருந்தது. அதற்கு நடுவில் பதினைந்து இருபது பூக்கள், கோவைப்பழச் சிவப்பில்.

சார்ஜன் மலாய் முறைப்படி 'ஐயா' போட்டு ஆரம்பித்தார். "துவான், சிவப்பு. இதழும் அஞ்சு. காட்டுக்காரன் தொப்பியில இருக்கிற நட்சத்திரத்துக்கும் முனை அஞ்சு."

எல்லோரும் ஓர் எட்டுப் பின்வாங்கினார்கள். அதிகாரி மட்டும் புத்தகத்தைத் திறந்தார். வெகுநேரம் தேடினார். "சிவப்பு என்றால் தைரியம்" என்று கண்டுபிடித்துச் சொன்னார். "அவர்களுடையது வேறு சிவப்பு." குறிப்பேட்டில் 'சிவப்பு, தைரியம் மட்டும்' என்று எழுதிக்கொண்டு ஆறுமுகத்திடம் திரும்பினார். "இந்தச் செடியைப் பற்றி நீ என்ன சொல்கிறாய்?"

ஆறுமுகம் தலையைச் சொறிந்தான். "என்னாத்த சொல்றது துவான்... வெட்ட வெட்டத் தழைக்கும். தண்ணி ஊத்தலன்னாலும் ஒண்ணும் கேக்காது."

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "கேட்டீர்களா! வெட்டினாலும் தழைக்கும்! தண்ணீர் கேட்காது! கூலி உயர்வு கேட்காது! சங்கம் வைக்காது! இந்த நாடு தன் உழைப்பாளிகளிடம் எதிர்பார்ப்பது வேறென்ன?"

"நல்ல பூ" என்றார் துரை, தனக்குத் தெரிந்த தமிழில். "ரொம்ப நல்ல ஆள் மாதிரிப் பூ."

அன்றே பலகை வந்தது. மூன்று மொழியில் 'தோட்ட மலர்' என்று எழுதி ஒன்பதாம் நம்பர் வாசலில் நட்டார்கள். மறுநாள் ஒரு ஸ்பெஷல் கான்ஸ்டபிள் துப்பாக்கியோடு வந்து செடிக்குப் பக்கத்தில் நின்றார். தண்ணீர் கேட்காத செடிக்கு வாரம் இரண்டு முறை லாரியில் தண்ணீர் வந்தது. லயத்துக் குழாயில் தண்ணீர் வராத நாட்களிலும் வந்தது.

ஆறுமுகத்துக்கு 'மலர்க் காப்பாளர்' என்று பதவி. விருந்தினர் வரும் நாளில் அவன் பெரட்டுக்குப் போக வேண்டாம். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஐந்து இதழுக்கும் ஐந்து பொருள் ஒப்பிக்க வேண்டும். கீழ்ப்படிதல், பொறுமை, சுறுசுறுப்பு, நன்றி. ஐந்தாவது அவனுக்கு எப்போதும் மறந்துவிடும். அப்போதெல்லாம் "சுத்தம்" என்பான். அதிகாரி மறுக்கவில்லை.

தொல்லையும் இருந்தது. செம்பருத்தி ஒரு நாள் பூ. காலையில் விரிந்து சாயங்காலம் சுருங்கி மறுநாள் விழுந்துவிடும். ஒவ்வொரு பூ விழும்போதும் காரணம் எழுதி அனுப்பச் சொன்னார்கள். பெரிய கிராணி ஒரு வாரம் 'வயது முதிர்வு' என்று எழுதிப் பார்த்தார். வேலியில் துணி காயப்போடக் கூடாது என்பதால் வள்ளிநாயகி பிள்ளைத் துணியை அக்காள் வீட்டுக் கொடியில் போட்டாள். போடும்போது சும்மா போடுவதில்லை.

"எங்க வீட்டுல போட முடியல லா அக்கா. கவர்மெண்டுச் செடி. போலீசு நிக்குது. உனக்குக் குடுப்பின, உன் வாசல்ல ஒரு தொந்தரவும் இல்ல."

மயிலம்மாள் அன்று குழம்பில் உப்பை இரட்டிப்பாகப் போட்டாள். தின்றது முனியாண்டி.

அவன் பொறாமை செடியிலேயே நின்றிருந்தால் வெள்ளை மருந்தோடு போயிருக்கும். ஆனால் அது குடியுரிமை மனுப் போடும் காலம். ஆகஸ்ட் முடிவதற்குள் போட்டால் மலாய்ப் பரீட்சை கிடையாது. இங்கே பிறந்தேன் என்பதற்கு ஒரு தாள் காட்டினால் போதும். அந்தத் தாள்தான் பெல்மோரில் யாரிடமும் இல்லை. ஜப்பான்காரன் வருகிறான் என்று கேள்விப்பட்டதும் அப்போதிருந்த துரை ஆபீஸ் புத்தகங்களை எல்லாம் கொளுத்திவிட்டு சிங்கப்பூருக்கு ஓடியிருந்தார். பிறந்தவர்கள் இருந்தார்கள், பிறப்பு இல்லை.

முனியாண்டி எட்டாம் நம்பர் வீட்டிலேயே பிறந்தவன். அவன் மனுவைப் பெரிய கிராணி மூன்று தடவை திருப்பினார்.

"அடையாளக் கார்டு இருக்குதே கிராணியாரே."

"அது நீ யாருன்னு சொல்லுது. எங்க பொறந்தேன்னு சொல்லலியே."

"நான் எங்க பொறந்தேன்னு உங்களுக்குத் தெரியாதா? நீங்க வந்தப்ப நான் இங்கதானே ஓடிக்கிட்டிருந்தேன்?"

"ஓடுனத பார்த்தேன். பொறந்தத பார்க்கல. அரசாங்க அதிகாரி யாராவது கையெழுத்துப் போடணும்."

தாளில்லாதவனை ஏதாவது ஒரு சந்தேகத்தில் பிடித்துக் கப்பலேற்றிவிட்டால் போய் இறங்க வேண்டிய நாகப்பட்டினத்தை முனியாண்டி படத்தில்கூடப் பார்த்ததில்லை. அந்தப் பயத்தோடு அவன் திரும்பி நடந்தபோது, ஆறுமுகம் எதிரே ஒரு கவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். குடியுரிமைப் பத்திரம். மலர்க் காப்பாளர் வெளிநாட்டவராக இருந்தால் மலருக்கு இழுக்கு என்று விசுவநாதனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்.

"என்னா அண்ணே, உங்களோடது ஆச்சா?" என்று ஆறுமுகம் கேட்டான். அவன் மனதில் ஒன்றும் இல்லை. அதனால்தான் அது அவ்வளவு சுட்டது.

அன்று முதல் முனியாண்டிக்கு அந்தச் செடியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. நேற்று ஒடித்து நட்ட குச்சி. வேர் ஒரு முழம் இருக்காது. அது இந்த நாட்டுச் செடியாம். அது நட்டவனுக்கு அத்தாட்சியாம். என் அப்பன் இந்த மண்ணில்தான் புதைந்திருக்கிறான், அவன் தழைக்கவில்லை என்பதால் கணக்கில் வரமாட்டானா? இப்படியெல்லாம் மரத்துக்கு மரம் பேசிக்கொண்டே பால் வெட்டினான். பட்டையில் காயம் பட்டது. மண்டோர் திட்டினார்.

இன்னும் விலங்கு பாக்கியிருந்தது. முனியாண்டியிடம் ஓர் ஆட்டுக் கடா இருந்தது. கறுப்பு, தாடி வைத்தது, இரண்டு வயது. அவன் இந்த முறை வாசம், அழகு என்று போகவில்லை. ஆறுமுகம் தற்செயலாகச் சொன்ன மாதிரியை இவன் மனப்பாடம் செய்துகொண்டு சொன்னான். ஜூலை மாதம் அதிகாரி வந்து, "இதன் பொருள்?" என்று கேட்டதும் கைகட்டி நின்றான்.

"போட்டத திங்கும் துவான். ஓட்டுற பக்கம் போகும். ஒண்ணு போனா பின்னால எல்லாம் போகும். ஏன்னு கேக்காது. ஊரடங்குக்கு முன்னால தானா வீட்டுக்கு வந்துரும்."

விசுவநாதன் புத்தகத்தை மூடிவிட்டார். கண் கலங்கியிருந்தது. "புலி நாட்டின் வீரம். யார் மறுத்தார்கள்? ஆனால் எல்லோரும் புலியாக இருந்தால் நிர்வாகம் செய்வது எப்படி? முத்திரையில் இரண்டு புலி போதும். மீதிப் பேர் கடாவாக இருப்பதே தேசபக்தி."

கடா தோட்ட விலங்கானது. கடாக் காப்பாளர் என்ற பதவிக்காக முனியாண்டி இரண்டு நாள் காத்திருந்தான். மூன்றாம் நாள் ஆபீசுக்கு அழைப்பு வந்தது. சட்டைக்குக் கஞ்சி போட்டு உடுத்திக்கொண்டு, கடாவையும் பிடித்துக்கொண்டு போனான்.

கேட்டைத் தாண்டும் எதற்கும் அடையாளக் கார்டு வேண்டும் என்பது அவசரகால விதி. தோட்ட விலங்கு ஊர்வலங்களுக்குப் போய்வர வேண்டியிருக்கும். ஆகவே கடாவுக்குக் கார்டு. படம் எடுக்கிறவர் கடாவை நேராகப் பார்க்க வைக்க அரைமணி பாடுபட்டார். பெரிய கிராணி பாரத்தை நிரப்பினார். பெயர், கடா. தகப்பன் பெயர், தெரியவில்லை. பிறந்த இடம்...

"எங்க பொறந்துச்சு?"

"எங்க வீட்டுக் கொட்டாயில."

"நீ பார்த்தியா?"

"நான்தானே பிடிச்சு வெளிய எடுத்தேன்."

"அப்ப சாட்சி இருக்கு. கைநாட்டு வை."

முனியாண்டி பெருவிரலை மையில் தோய்த்து வைத்தான். அதன்மேல் விசுவநாதன் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். கடா பெல்மோர் தோட்டத்தில், நெகிரி செம்பிலானில், இந்நாட்டு மண்ணில் பிறந்தது என்பது அந்தக் கணத்தில் சட்டப்படி உறுதியாயிற்று.

முனியாண்டி இடுப்பிலிருந்து தன் மனுவை எடுத்து மேசைமேல் வைத்தான். மடித்து மடித்து ஓரம் கிழிந்திருந்தது. "துவான், இதுலயும் ஒரு கையெழுத்து."

அதிகாரி படித்துப் பார்த்தார். "நீ பிறந்ததைப் பார்த்தவர் யார்?"

"எங்கம்மா. செத்துப் போச்சு."

"பாவம்" என்றார் அதிகாரி உண்மையான வருத்தத்தோடு. "கடாவுக்கு நீ இருந்தாய். உனக்கு யாரும் இல்லையே."

"ஆறுமுகத்துக்குப் போட்டீங்களே?"

"மலர் பேசாது. அதற்காகப் பேச ஒரு குடிமகன் வேண்டியிருந்தது. கடாவுக்குக் குரல் இருக்கிறது. காப்பாளர் தேவையில்லை என்று கிளை முடிவு செய்துவிட்டது. கயிறு பிடிக்க ஓர் ஆள் போதும்." அந்தக் கிளையில் முடிவு செய்ய வேறு யாரும் இல்லை என்பதை இந்த இடத்தில் மறந்துவிடக் கூடாது.

கடாவை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் முனியாண்டி அதன் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே வந்தான். ஒரு வாரத்தில் சகலையின் மேல் இருந்த பொறாமை எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அவனுக்கு இப்போது கடாவின் மேல் பொறாமை. அது கேட்டில் நின்றால் சோதனைக்காரன் அதன் கழுத்துக் கார்டைப் பார்த்து விட்டுவிடுவான். இவனை மடிப்பு மடிப்பாகத் தடவுவான்.

"அது வாயில்லா ஜீவன். அதுகிட்ட என்னா கோவம் உங்களுக்கு?" என்றாள் மயிலம்மாள்.

"வாயில்லாதவனுக்குத்தான் இங்க எல்லாம் கெடைக்குது" என்றான் அவன்.

ஆகஸ்ட் முதல் ஞாயிறு விழா. கம்பெனி டைரக்டரும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். பூ விரிந்திருக்க வேண்டும் என்பதற்காகக் காலை பத்து மணிக்கு, ஒன்பதாம் நம்பர் வாசலிலேயே பந்தல். ஒரு பக்கம் வேலி நிறையச் செம்பருத்தி, பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் ஆறுமுகம். மறுபக்கம் மஞ்சள் துணி போர்த்திய கடா, கயிற்றைப் பிடித்தபடி முனியாண்டி. முந்தைய நாளிலிருந்து கடாவுக்குத் தீனி போடவில்லை. மேடையில் அசிங்கம் செய்துவிடக் கூடாது என்று உத்தரவு.

ஆறுமுகம் ஐந்து இதழையும் ஒப்பித்தான். சுத்தத்துக்குக் கைதட்டினார்கள். பிறகு விசுவநாதன் பேசினார்.

"சிலர் கேட்கிறார்கள், சின்னத்தால் என்ன பயன் என்று. ரோடு கேட்கிறார்கள், பள்ளிக்கூடம் கேட்கிறார்கள். அதையெல்லாம் கொடுத்தால் தீர்ந்துவிடும். பொருள் கொடுத்தால் தீராது. ஆகவேதான் அரசாங்கம் பொருளைக் கொடுக்கிறது." கைதட்டல். "இந்தக் கடாவைப் பாருங்கள். இம்மண்ணில் பிறந்தது. இம்மண்ணின் புல்லைத் தின்று வளர்ந்தது. வேறொரு நாட்டை அது கண்ணால் கண்டதில்லை. இதைவிட இந்த மண்ணுக்கு உரியவர் யார்? யாராவது இருந்தால் கை தூக்குங்கள், பார்க்கலாம்!"

அது பேச்சுக்குச் சொன்னது. ஆனால் முனியாண்டி கை தூக்கினான். கயிறு பிடித்த கை. தூக்குவதற்கு முன்னால் விரல்களை விரித்துவிட்டான்.

கடா மேடையைச் சுற்றிப் பார்க்கவில்லை. நேராக வேலிக்குப் போயிற்று. முதல் பூவை வாய்க்குள் இழுத்தபோது டைரக்டரின் மனைவி, அதுவும் நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்துச் சிரித்தார். மூன்றாவது பூவில்தான் கூச்சல் கிளம்பியது.

"பிடி, பிடி!"

யார் பிடிப்பது? சின்னத்தை எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் தொடக் கூடாது என்று பச்சைப் புத்தகத்தில் இருந்தது. கான்ஸ்டபிள் துப்பாக்கியைத் தூக்கினார். மலரைத் தாக்குகிறவனைச் சுட அவருக்கு உத்தரவு. விலங்கைத் தாக்குகிறவனையும் சுட உத்தரவு. அவர் துப்பாக்கியைக் கடாவிடமும் பிறகு தன்னிடமும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். விசுவநாதன் அனுமதிக் கடிதம் எழுதப் பேனாவைத் தேடினார். அவர் கையெழுத்திட்டு முடிக்கும்போது வேலியின் முன்பக்கத்தில் குச்சிகள்தான் நின்றன. கடா மெதுவாக அசை போட்டது.

சார்ஜன் முனியாண்டியின் தோளில் கை வைத்தார்.

டவுனிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் தோட்ட ஆபீசில் உட்கார்ந்து குற்றப் பத்திரம் எழுதினார். அவசரகாலத்தில் அரசாங்கச் சின்னத்துக்குச் சேதம். பெயர்? முனியாண்டி. தகப்பன் பெயர்? சன்னாசி. தொழில்? பால்வெட்டு.

"பிறந்த இடம்?"

"இங்கதான். பெல்மோர். எட்டாம் நம்பர் வீடு."

இன்ஸ்பெக்டர் எழுதினார். சாட்சி கேட்கவில்லை. துரையைப் பார்த்து, "இவன் உங்கள் தோட்டத்து ஆள்தானே?" என்றார். கெட்டது செய்தவன் வெளியாள் என்று ஆகிவிட்டால் பாதுகாப்புக் குறைவு என்று தன் மேல் வரும் என்பது துரைக்குத் தெரியும். "இங்கேயே பிறந்தவன்" என்று அவசரமாகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். இன்ஸ்பெக்டர் முத்திரையை ஊதிக் குத்தினார்.

முனியாண்டி அந்தத் தாளைத் தலைகீழாகப் பார்த்தான். படிக்கத் தெரியாது. ஆனால் பெல்மோர் என்ற எழுத்து ஆபீஸ் பலகையில் தினமும் பார்க்கிற எழுத்து. அது அங்கே இருந்தது. பக்கத்தில் முத்திரை ஈரமாக இருந்தது.

"துவான், இந்தத் தாளு எனக்குக் கெடைக்குமா?"

"கேஸ் முடிந்தால் நகல் வாங்கிக்கொள்ளலாம்."

இரண்டு வாரம் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு விசுவநாதனின் அறிக்கை வந்தது. ஒரு சின்னம் இன்னொரு சின்னத்தைத் தின்றுவிட்டது என்று மேலே எழுத முடியாது அல்லவா? அவர் எழுதியது இது: 'விழாவின் உச்சமாக, மலரும் விலங்கும் பிரிக்க முடியாதவாறு ஒன்று கலந்தன. இது ஒற்றுமையைக் குறிக்கிறது.' ஒற்றுமை குற்றம் ஆகாது. ஆகவே கேஸைத் திரும்பப் பெறலாம், குற்றப் பத்திரத்தைக் கிழித்துவிடலாம் என்று இன்ஸ்பெக்டருக்கு ஒரு கடிதம்.

பெரிய கிராணி சிரித்த முகத்தோடு வந்து சொன்னார். "தப்பிச்சே போ! கோயில்ல தேங்கா ஒட."

முனியாண்டி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். பிறகு எழுந்து, சைக்கிளை மிதித்து, கேட்டில் தடவல் முடித்து, டவுன் போலீஸ் ஸ்டேஷனில் போய் இன்ஸ்பெக்டர் முன்னால் நின்றான்.

"துவான், கேஸ எடுத்துராதீங்க. நான்தான் அவுத்து விட்டேன். வேணும்னே விட்டேன்."

இருபது வருஷ சர்வீஸில் இன்ஸ்பெக்டர் இப்படி ஒரு மனுவைக் கேட்டதில்லை. நியாயமாகப் பார்த்தால் துரத்தியிருக்க வேண்டும். ஆனால் அவர் மேசைமேல் விசுவநாதனின் கடிதம் இருந்தது. நேற்று முளைத்த கிளை. அதன் அதிகாரிக்குக் கார் இருக்கிறது. இன்ஸ்பெக்டருக்கு மோட்டார் சைக்கிள்தான். "எவனோ பூவுக்கு அர்த்தம் சொல்கிறவன் எனக்கு உத்தரவு போடுகிறானா?" என்றார். "கேஸ் நடக்கும்."

ஆகஸ்ட் இருபத்தெட்டாம் தேதி கோர்ட்டு. மாஜிஸ்ட்ரேட் குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டு முடிப்பதற்குள் முனியாண்டி ஒப்புக்கொண்டான். மாஜிஸ்ட்ரேட்டுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு ஆசையாக ஒப்புக்கொள்கிறவனுக்குப் புத்தி சரியில்லையோ? கண்ணால் பார்த்தவர் யாராவது உண்டா என்று கேட்டார்.

பின் வரிசையிலிருந்து வெள்ளைச் சட்டை எழுந்தது. ஆறுமுகம் நடந்து வந்து கூண்டில் ஏறினான். முனியாண்டி வேண்டாம் என்று தலையை ஆட்டினான். இவன் நல்லவனாயிற்றே. சகலையைக் காப்பாற்றுகிறேன் என்று பொய் சொல்லித் தொலைத்துவிடுவானே.

"நான் குடிமகன் துவான்" என்று ஆறுமுகம் பத்திரத்தை எடுத்துக் காட்டினான். "பார்த்தேன். அண்ணன்தான் கயித்த விட்டாரு. விரல விரிச்சு விட்டாரு. என்மேல பொறாமை. பத்து வருஷமா பொறாமை. தோட்டத்துக்கே தெரியும்."

"பத்து வருஷமாக உனக்கு இவரைத் தெரியுமா?"

"பொறந்ததுலேருந்து தெரியும். இவரு எட்டாம் நம்பர்ல பொறந்தாரு. நான் பன்னண்டாம் நம்பர். எங்க ரெண்டு பேருக்கும் தொப்புள்கொடி அறுத்தது ஒரே ஆயா. எழுதிக்குங்க துவான், அதையும் எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார்கள். முனியாண்டி கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். தன்னைப் பற்றி ஒருவன் இவ்வளவு கெட்டதாகப் பேசி, அதைக் கேட்டுத் தனக்கு அழுகை வரும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

கோர்ட்டு கலையும்வரை சிறை என்று தீர்ப்பு. பதினொன்றே முக்காலுக்குச் சொன்னார்கள். பன்னிரண்டுக்குக் கோர்ட்டு சாப்பாட்டுக்குக் கலைந்தது. கால் மணி நேரம் முனியாண்டி குற்றவாளியாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் ஆறுமுகம். ஆறுமுகம் பாதி சுருட்டை நீட்டினான். இவன் வாங்கிக்கொண்டான்.

முத்திரை போட்ட நகல் இரண்டு வாங்கி, ஒன்றோடு மறுநாள் மனுக் கொடுத்தான். பெரிய கிராணி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குற்றவாளி என்று இருந்தது. இந்த மண்ணில் பிறந்த குற்றவாளி என்றும் இருந்தது. அவர் வாங்கிப் போட்டார்.

சனிக்கிழமை. ஆகஸ்ட் முடிய இன்னும் ஒரு நாள். மயிலம்மாள் இன்னொரு கோர்ட்டு நகலை அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து எடுத்து, துடைத்து, பார்த்தாள். முனியாண்டி கையில் சாயாக் கோப்பையோடு வாசலில் இருந்தான்.

"நானும் இந்த லயத்துலதான் பொறந்தேன்" என்றாள்.

"தெரியும்."

"உங்களுக்கு மட்டும் கேசு போட்டுட்டாங்க."

அவன் பதில் சொல்வதற்குள் அவள் இறங்கிவிட்டாள். ஒன்பதாம் நம்பர் வாசலில் வள்ளிநாயகி ஏற்கெனவே தலைசீவி நின்றிருந்தாள். புருஷனுக்குத்தான் பத்திரம் இருந்தது, அவளுக்கு இல்லை. அக்காளும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடா எட்டாத பின்பக்கத்து வேலியில் ஏழெட்டுப் பூக்கள் மிச்சமிருந்தன. கான்ஸ்டபிளின் கண்ணெதிரே ஆளுக்கு ஒன்றாகப் பறித்துக் கொண்டையில் செருகினார்கள்.

கான்ஸ்டபிள் பதறி விசிலை வாயில் வைத்தார்.

"அதெல்லாம் அப்புறம் ஊதலாம்" என்றாள் மயிலம்மாள், இரண்டு கையையும் முன்னால் நீட்டி. "மொதல்ல பொஸ்தகத்த எடுங்க தம்பி. எழுதுங்க. பேரு மயிலம்மாள். பொறந்த எடம், பெல்மோர்."